பெரிதாக்கலாம், முந்த வைக்க முடியாது: ஒட்டாவாவில் கஞ்சா நாற்று

ஏப்ரல் நெருங்கும்போது தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதை போட்டுவிட்டால் அறுவடை சீக்கிரம் வந்துவிடும் அல்லவா? கேட்பவர்களில் பலர் தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் வீட்டுக்குள் நாற்று விட்டு, மே கடைசியில் தோட்டத்துக்கு மாற்றிப் பழகியவர்கள். ஆறு வாரம் முன்னால் விதைத்தால் ஆறு வாரம் முன்னால் காய்க்கும் என்று நினைக்கிறார்கள். தக்காளிக்கு அது ஓரளவு சரி. கஞ்சாச் செடிக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால், எப்போது விதைப்பது, விளக்கை எத்தனை மணி நேரம் எரிய விடுவது, எந்த வாரத்தில் வெளியே நடுவது ஆகிய மூன்றும் தானாகவே தெளிவாகிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள். ஆளுக்கு நான்கு கிடையாது. ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் நான்குதான். விதையை உரிமம் பெற்ற கடையில் வாங்க வேண்டும். வாடகை வீடு, அடுக்குமாடி என்றால் உரிமையாளரோ நிர்வாகமோ தடை போட்டிருக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஒட்டாவாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காட்டினோ, அது கியூபெக் மாகாணம். அங்கே வீட்டில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. விதையோ பூவோ எதையும் நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துப் போகவும் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் செடி இருக்கும் அறைக்கும் தோட்டத்துக்கும் பூட்டு அவசியம். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

சரி, செடிக்கு வருவோம்.

கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். இரவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி நீண்டால்தான் பூக்கும். விதை என்றைக்குப் போட்டோம், செடி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பூப்பதற்கான நாளைத் தீர்மானிப்பதில்லை. நம் ஊர்ப் பழைய சம்பா நெல் ரகங்களில் பலவும் இதே குணம் கொண்டவைதான். கொஞ்சம் முன்னே பின்னே நட்டாலும் பகல் குறையும் பருவத்தில்தான் அவை கதிர் விடும். அதனால்தான் அவற்றுக்குப் பட்டம் பார்த்து விதைத்தார்கள்.

இந்தக் குணம் தாவரங்களில் இருக்கிறது என்று முதலில் கவனிக்கப்பட்ட செடிகளில் ஒன்று கஞ்சா என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் தூர்னுவா, கண்ணாடிக் குடிலில் குளிர்காலத்தில் வளர்ந்த, பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியும் கஞ்சாச் செடியும் சின்னதாக இருக்கும்போதே பூப்பதைப் பார்த்தார். பகல் குறுகியிருப்பதும் இரவு நீண்டிருப்பதும்தான் காரணம் என்று 1914 வாக்கில் எழுதினார். முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்தார், ஆய்வு அங்கேயே நின்றுவிட்டது. 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலையிலும் சோயாவிலும் இதையே விரிவாக நிரூபித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்பது 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோரின் சோதனையில் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே போதும், பூப்பது நின்றுவிட்டது.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒட்டாவாவில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஜூன் 21 அன்று இங்கே பகல் 15 மணி 40 நிமிடம். மே முதல் வாரத்தில் பதினான்கரை மணி. ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் மறுபடியும் பதினான்கே கால் மணிக்கு இறங்கிவிடும். ரகத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், பெரும்பாலான கஞ்சா ரகங்கள் பகல் 14 மணியை ஒட்டிக் குறையும்போது பூப்புக்குத் திரும்புகின்றன. அதாவது இந்த ஊரில் ஆகஸ்ட் முதல் பாதியில். அங்கிருந்து எட்டு, ஒன்பது வாரம் கழித்துத்தான் பூ முற்றும். மார்ச்சில் விதைத்த செடிக்கும் ஜூன் முதல் தேதி விதைத்த செடிக்கும் இந்தத் தேதி ஏறக்குறைய ஒன்றே. முன்னதில் உயரமும் கிளையும் பூவும் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள் நாற்று விடுவது செடியைப் பெரிதாக்கும். அறுவடையை முந்த வைக்காது.

அப்படியானால் வீட்டுக்குள் ஏன் தொடங்க வேண்டும்? ஒட்டாவாவில் மே மத்தி வரை உறைபனி வரலாம். குளிர்ந்த ஈர மண்ணில் விதை முளைக்காமல் அழுகும். முளைத்தாலும் நத்தை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். நான்கே செடிதான் அனுமதி என்பதால் ஒவ்வொன்றும் முக்கியம். அப்புறம் ஆண், பெண் விவகாரம். சாதாரண விதையில் பாதிக்குப் பாதி ஆண் வரும். ஆண் செடி மகரந்தம் தூவினால் பெண் பூக்கள் எல்லாம் விதையாகிவிடும், அதை முன்கூட்டியே கண்டுபிடித்து நீக்க வேண்டும். பெண் செடி மட்டும் வரும்படி உருவாக்கிய விதைகள் கடையில் கிடைக்கின்றன, முதல்முறை வளர்ப்பவர்கள் அதையே வாங்குவது நல்லது.

நான் ஏப்ரல் 20ஐ ஒட்டித்தான் விதைக்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் வெளியே போகும்போது செடி ஒரு முழம் அளவுக்கு, ஐந்தாறு கணுக்களோடு, தண்டு பென்சில் தடிமனில் இருந்தால் போதும். மார்ச்சில் தொடங்கியவர்களின் செடி மே மாதத்தில் மார்பளவு நிற்கும். வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும், மேலே விளக்குக்கு இடம் இருக்காது. வெளியே வைத்த முதல் பலத்த காற்றில் சாய்ந்துவிடும். அதைத் தாண்டிப் பிழைத்தால் செப்டம்பரில் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும். அவ்வளவு பெரிய செடியில் பூக்கொத்துகளும் அடர்ந்து பெரிதாக இருக்கும், ஈரமான இலையுதிர் காலத்தில் பூஞ்சைக்கு அதுதான் முதல் இரை. சிறிய நாற்று வெளி மண்ணில் வேர் பிடித்துக் கிடுகிடுவென்று வளர்ந்து பெரிய நாற்றை எட்டிப் பிடித்துவிடுகிறது என்பதே நான் பார்த்தவரை உண்மை. சீக்கிரம் தொடங்குவதில் உள்ள ஆசை எனக்கும் புரிகிறது. வெளியே இன்னும் பனி கிடக்கும்போது பச்சையாக ஏதாவது பார்க்க வேண்டும் என்று மனம் ஏங்கும். அந்த ஏக்கத்துக்குக் கொத்தமல்லியும் வெந்தயமும் போடுங்கள்.

விதைப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழம், 20 முதல் 25 டிகிரி வெப்பம், ஈரமான ஆனால் சொதசொதக்காத மண்கலவை. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஈரக் காகிதத் துண்டில் சுற்றி முளைவிட வைத்துப் பிறகு எடுத்து நடுவது பலரின் வழக்கம். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் படுகிறது. நுனிவேர் ஒரு மயிரிழை அளவு அடிபட்டாலும் முளை பின்தங்கும். நேராகச் சின்னத் தொட்டியில் போட்டுவிடலாம். நாற்றுக்கென்று விற்கும் கலவை போதும், உரம் நிறைந்த மண் முளைக்கு ஆகாது. தண்ணீர்தான் ஜாக்கிரதையாக விட வேண்டியது. எந்நேரமும் நனைந்திருந்தால் நாற்றழுகல் வரும். காலையில் நிமிர்ந்து நின்ற முளை மாலையில் மண்மட்டத்தில் தண்டு நூலாய்ச் சுருங்கி விழுந்து கிடக்கும், அதற்கு மருந்து கிடையாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கை எடையிலேயே தெரிந்துவிடும். கனம் குறைந்த பிறகு விட்டால் போதும்.

ஜன்னல் வெளிச்சம் போதாது. ஏப்ரலில் தெற்கு ஜன்னலில் நல்ல வெயில் விழுகிறதே என்று தோன்றும். நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நீண்டு, தலை கனத்துப் படுத்துவிடும். பேஸ்மென்டில் ஒரு சாதாரண எல்இடி குழல் விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, செடிக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி உயர்த்திக்கொண்டே போனால் நாற்றுப் பருவத்துக்குத் தாராளம். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி வேண்டும். காற்றில் லேசாக ஆடும் தண்டு தடித்து வளரும். அப்படியும் நீண்டுவிட்ட நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது முதல் விதையிலைகள் வரை மண்ணுக்குள் இறக்கி நடலாம், புதைந்த தண்டிலும் வேர் வரும்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான இடம். 18 மணி நேரம் என்றுதான் எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். முழுக்க உள்ளேயே வளர்ப்பவர்களுக்கு அது சரி. வெளியே கொண்டுபோகிறவர்களுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, படிக்க வந்து இங்கேயே வேலையில் சேர்ந்தவர், ஒரு ஜூன் மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, செடியெல்லாம் பூத்துடுச்சுண்ணா. ஜூன்தானே ஆகுது?"

"எப்ப வெளிய வெச்சீங்க?"

"மே மாசம் முதல் வாரம். நல்ல வெயில் அடிச்சுதேண்ணா அப்ப."

"உள்ள லைட்டு எத்தனை மணி நேரம்?"

"பதினெட்டு."

போய்ப் பார்த்தேன். ஒரு முழம்கூட வளராத செடியில் ஒவ்வொரு கிளை நுனியிலும் வெள்ளை இழைகள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தால் அந்தக் கொத்துகளுக்கு நடுவிலிருந்து புதிதாக வந்த இலைகள் விநோதமாக இருந்தன. வழக்கமான ஐந்து விரல், ஏழு விரல் கிடையாது. ஒற்றை விரல் இலை, விளிம்பில் ரம்பப் பல் இல்லாமல் மழமழவென்று, ஓரம் முறுக்கிக்கொண்டு. நடந்தது இதுதான். பேஸ்மென்டில் ஆறு மணி நேர இரவுக்குப் பழகிய செடி திடீரென்று ஒன்பதரை மணி நேர இரவுக்கு வந்தது. கோடை முடிந்து இரவு நீள்கிறது என்று எடுத்துக்கொண்டு பூக்கத் தொடங்கிவிட்டது. பிறகு ஜூனில் இரவின் நீளம் எட்டே கால் மணி நேரத்துக்கு அருகே சுருங்கவும், பூப்பை விட்டுவிட்டு மறுபடி இலை விடத் திரும்பியது. அந்தத் தடுமாற்றத்தில்தான் ஒற்றை விரல் இலைகள் வரும். செடி சாகவில்லை. ஜூலை பாதியில் ஒழுங்கான இலைகள் வந்தன. வளர்ச்சிக்கான மிக நல்ல வாரங்கள் மட்டும் போய்விட்டன. வெயிலைப் பார்த்து எடுத்த முடிவு அது. பார்க்க வேண்டியது இரவின் நீளத்தை.

தடுப்பது சுலபம். நான் டைமரை 16 மணி நேரத்துக்கு மேல் வைப்பதே இல்லை. உள்ளே எட்டு மணி நேர இரவு, ஜூன் தொடக்கத்தில் வெளியே எட்டரை மணியை ஒட்டிய இரவு. செடிக்குப் பெரிய மாற்றமாகத் தெரியாது. ஏற்கெனவே 18இல் வைத்திருப்பவர்கள் வெளியே நடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம். விக்டோரியா தின நீண்ட விடுமுறை, அதாவது மே 25க்கு முந்தைய திங்களை ஒட்டி வருவது, இந்த ஊரில் தக்காளி நடும் நாள். கஞ்சாவுக்கு நான் அதற்கும் மேலே ஒரு வாரம், பத்து நாள் காத்திருப்பேன். உறைபனி பயம் முழுக்கப் போகும், பகலும் 15 மணியைத் தாண்டியிருக்கும்.

அடுத்தது வெயிலுக்குப் பழக்குவது. உச்சிவெயில் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வலுவானது. விளக்கடியில் இல்லாத புற ஊதாக் கதிரும் அதில் சேர்ந்தே வரும். உள்ளே வளர்ந்த இலையை ஒரேயடியாக அதில் வைத்தால் வெளுத்து, காகிதம் போலாகி, ஓரம் பழுப்பேறும். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, புதிய இலைதான் வர வேண்டும். முதல் நாள் வீட்டின் வடக்குப் பக்க நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம். அப்புறம் காலை வெயில் மட்டும். பிறகு நண்பகல் வரை. ஒரு வாரம், பத்து நாள் இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் தொட்டி உள்ளே இருந்ததைவிட வேகமாகக் காயும், காற்றுதான் காரணம். மேகமூட்டமான மாலையில் நட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு, முதல் சில நாளைக்கு முயலும் கிரவுண்ட்ஹாக் என்ற தரைப்பன்றியும் எட்டாதபடி கம்பிவலை சுற்றினால் வேலை முடிந்தது.

நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பகலில் பார்த்தால் மட்டும் போதாது. இரவு பத்து மணிக்கு ஒரு முறை தோட்டத்தில் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாதுகாப்பு விளக்கு, தெருவிளக்கு, நம் பின்கட்டு பல்பு, இவற்றின் வெளிச்சம் அந்த இடத்தில் விழுகிறதா? இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இரவை அளக்கிறது, சிவப்பு ஒளி பட்டால் அந்த அளவு குலைந்துவிடும். ஒரு செடியில் விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் ஆகஸ்ட் முடிந்தும் பூக்காமல் பச்சையாக நின்றதைக் கண்டிருக்கிறேன்.

செப்டம்பரின் எதிரி போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை. காலை மூடுபனியும் குளிர்ந்த மழையும் சேர்ந்தால் பூக்கொத்தின் உள்ளேயிருந்து பிடிக்கும், வெளியே எதுவும் தெரியாது. கொத்தின் நடுவில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் காய்ந்து பழுத்திருப்பதுதான் அறிகுறி. அதைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும், உள்ளே பழுப்பும் சாம்பலுமாகத் தூள் இருக்கும். அந்தக் கொத்தைச் சுற்றி நல்ல பகுதியும் கொஞ்சம் சேர்த்து வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். கத்தரிக்கோலைத் துடைக்காமல் அடுத்த கொத்தைத் தொடாதீர்கள். பூஞ்சை பிடித்த எதையும் காயவைத்துப் பயன்படுத்தவே கூடாது.

இந்தப் போராட்டத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு விதைப்பு நாளை முன்னே தள்ளுவது உதவாது என்று மேலே சொன்னேன். உதவக்கூடியவை வேறு. சீக்கிரம் பூப்புக்குத் திரும்பும், சீக்கிரம் முற்றும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. ஜூலையிலிருந்து தினமும் மாலையில் கறுப்புத் தார்ப்பாய் போட்டு 12 மணி நேர இருட்டை உண்டாக்குவது இன்னொன்று. இரண்டாவது நிச்சயம் வேலை செய்யும். ஒரு நாள் விடாமல் மூடித் திறக்க ஆள் வேண்டும், கோடையில் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு அது ஒத்துவராது.

இன்னும் வடக்கே போனால் நிலைமையே வேறு. எட்மன்டனில் ஜூனில் பகல் 17 மணி. ஆகஸ்ட் 20ஆம் தேதிகூட பதினான்கரைக்கு அருகே. சாதாரண ரகம் அங்கே ஆகஸ்ட் கடைசியில்தான் பூக்கத் தொடங்கும், செப்டம்பரிலேயே உறைபனி வந்து முடித்துவிடும். அங்கே இருப்பவர்கள் தானே பூக்கும் ரகங்களைத்தான் பார்க்க வேண்டும். அவை ரூடெராலிஸ் என்ற காட்டுக் கஞ்சாவின் கலப்பில் வந்தவை. ரஷ்யாவில் வளரும் அந்தக் குட்டைச் செடியை யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் 1924இல் விவரித்தார். குறுகிய கோடையில் பிழைக்க வேண்டியிருந்ததால் அது இரவை எண்ணுவதை விட்டுவிட்டு வயதைக் கொண்டு பூக்கிறது. முளைத்து மூன்று, நான்கு வாரத்தில் பூ காட்டி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முற்றிவிடும்.

தக்காளிக் கணக்கு இந்த ரகங்களுக்குப் பொருந்தும். இரண்டு வாரம் முன்னே முளைக்க வைத்தால் இரண்டு வாரம் முன்னே கைக்கு வரும். ஆனால் வேர் தடைபட்டு இழந்த நாளை ஈடுகட்ட அதற்கு நேரம் கிடையாது. குட்டையாகவே நின்று பூத்துவிடும். அதனால் மே முதல் பாதியில் மக்கும் தொட்டியில் விதைத்து, மூன்றாவது ஜோடி இலை விரிந்ததும், இரவுக் குளிர் விட்டதும், தொட்டியோடு அப்படியே மண்ணில் இறக்கிவிடுங்கள். விளக்கு 18 மணி நேரம் எரிந்தாலும் இதற்குக் கவலையில்லை. ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, காற்று இன்னும் உலர்ந்து இருக்கும்போதே, பூஞ்சையின் காலம் வருவதற்கு முன் வெட்டிவிடலாம். ஒட்டாவாவிலும் நான்கில் ஒன்றை இந்த ரகமாக வைப்பதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.